இடப்புறம் என்று சொல்

கதவை இன்னும் சற்று ஓங்கிச் சாத்துங்கள். இல்லை, அது சாத்தியதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான், சாத்தப்படவில்லை. முப்பத்திரண்டு வயதான அம்பாசிடர் இது. மென்மையாகச் சொன்னால் கேளாது. ம், இப்போது சரி.

ஒரத்தநாடு என்றுதானே சொன்னீர்கள்? நல்லதாயிற்று. நானும் அதைத் தாண்டித்தான் போகிறேன். பேருந்து பழுதாகிவிட்டது என்றால் இந்த வெயிலில் பாபநாசத்தில் நின்று என்ன செய்வீர்கள்? 'தேங்க்ஸ் சார்' எல்லாம் வேண்டாம். 'நன்றி' என்று மூன்றே எழுத்தில் ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. தவறாக எண்ணாதீர்கள். முப்பத்தாறு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன். பிழை காதில் விழுந்தால் பல் கூசுவதுபோல் இருக்கும். வைத்தியலிங்கம் என்று பெயர். கும்பகோணத்தில் 'புலவர் ஐயா வீடு' என்று கேட்டால் எவரும் காட்டுவர்.

என் மனைவியை அழைத்துவரப் போகிறேன். ஒரத்தநாட்டுக்கு அப்பால் எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் கீழமருதூர் என்றொரு சிற்றூர், அங்கே இருக்கிறாள். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை போய் அழைக்கிறேன். இது பதினோராவது பயணம். கணக்குப் போடுகிறீர்கள். போடுங்கள், கணக்குச் சரிதான்.

'எறங்கிக்கிறேன்' அன்று, 'இறங்கிக்கொள்கிறேன்'. ஒரத்தநாட்டில் இறங்கிக்கொள்ளுங்கள், அதற்கென்ன.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தஞ்சைப் புறவழிச்சாலையில், பாலத்துக்கு முன்னால், இடப்புறம் ஒரு சாலை பிரிந்து இறங்குகிறது. அதில்தான் நாம் போகவேண்டும். அந்த இடம் எனக்கு இன்றளவும் பிடிபடவில்லை. பழைய சாலை என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன். இந்தப் புதுச்சாலையில் எல்லா இடமும் ஒன்றுபோல் இருக்கிறது. இருமுறை தவறவிட்டு வல்லம்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். நீங்கள் அந்தப் பக்கத்து ஆள். இடம் வந்ததும் சொல்லுங்கள். 'லெப்ட்' என்று சொல்லாமல் 'இடப்புறம்' என்று சொல்லுங்கள். அது போதும்.

அதைத்தானே பார்க்கிறீர்கள்? ஆமாம், டேப்லெட். பலகைக்கணினி என்று சொன்னால் என் மருமகனுக்கு விளங்குவதில்லை. சாம்பல்கிண்ணம் இருந்த இடத்தில் ஒரு கொக்கி வைத்து மாட்டியவர் அவர்தான். சுரேந்திரன். நல்ல பிள்ளை, ஆனால் ழகரம் வராது. சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து அதற்கு மின்சாரம். இந்த வண்டியில் இருப்பதோ பழைய கேசட் பெட்டி; அதற்குள் கேசட் போலவே ஒன்றைத் தள்ளி, அதற்கு ஒரு வால்போலக் கம்பி விட்டு, அந்த வாலை இதில் செருகியிருக்கிறார். இதில் பாடுவது வண்டியின் ஒலிபெருக்கியில் கேட்கும். வழியையும் இதுவே சொல்லும். "மாமா, இனிமே நீங்க யார்கிட்டயும் வழி கேக்க வேணாம்" என்றார். நான் எப்போது கேட்டேன்?

வழி சொல்ல இந்த வண்டியில் முன்பு ஆள் இருந்தது. என் மனைவி ஞானாம்பாள். வண்டி வாங்கிய புதிதில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "சோத்தாங்கைப் பக்கம் போங்க, அந்தாண்ட வளைங்க, பீச்சாங்கைப் பக்கம் ஒரு சந்து வரும் பாருங்க" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வருவாள். ஒரு தமிழாசிரியனின் மனைவி! பின்னிருக்கையில் தலைமையாசிரியர் இருக்கும்போதுகூட! ஒருநாள் வண்டியை ஓரமாக நிறுத்திச் சொன்னேன்: "வலப்புறம் என்று சொல், இடப்புறம் என்று சொல். இல்லையேல் பேசாதே." இரண்டில் ஒன்றை அவள் தேர்ந்துகொண்டாள். அதன்பின் வண்டியில் அமைதியாகத்தான் வருவாள். ஒழுங்கு என்பது ஒருமுறை கண்டிப்பாகச் சொன்னால் படிந்துவிடும். வகுப்பிலும் அப்படித்தான்.

சரி, டேப்லெட்டுக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் மாட்டியது. நான் பாடம் நடத்தி ஒலிநாடாவில் பதிந்து வைத்தவை நாற்பத்தெட்டு. மாணவர்களுக்காகச் சொந்த முயற்சியில் செய்தது. சுரேந்திரன் அவை அனைத்தையும் இதில் ஏற்றிக் கொடுத்தார். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கலாம். ஞானமும் கேட்பாள். வேறு என்ன செய்வாள், பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் இதில் ஓர் ஒழுங்கீனம் உண்டு. வழி சொல்லவேண்டிய இடம் வந்தால், இந்த இயந்திரத்துப் பெண் என் குரலை அடக்கிவிட்டுத் தான் பேசுவாள். நான், "நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும்" என்று தொடங்கியிருப்பேன். என் குரல் பதுங்கிவிடும். "இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்று அவள் சொல்லி முடித்தபிறகுதான் நான் மீண்டும் வாய்திறக்க இயலும். என் பாடத்தில், என் வண்டியில், என்னையே!

முதன்முறை அப்படி நடந்தபோது ஞானம் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "அந்தப் பொண்ணு பேசுறப்ப நீங்க கப்சிப்புன்னு இருக்கீங்க பாருங்க" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்துக்கும் காத்திருப்பாள். திருப்பம் வருவதற்கு முன்பே அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். நாற்பத்தொரு ஆண்டு இல்லறத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்ன நகைச்சுவை அதில் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. மயிலாடுதுறையில் ஒரு திருமணம். நான் இதனிடம் தெளிவாக, நிறுத்தி, "மயிலாடுதுறைக்குச் செல்லும் நெறியைக் காட்டுக" என்றேன். இது என்ன காட்டியது தெரியுமா? கழுத்தில் நெறி கட்டினால் பார்க்கும் மருத்துவர் ஒருவரின் முகவரியை. மறுபடியும் சொன்னேன், மறுபடியும் மருத்துவர். ஞானம் குனிந்து, "ஏம்மா, மாயவரத்துக்கு எப்புடிப் போவணும்?" என்று கேட்டாள். உடனே நீலக்கோடு போட்டுவிட்டது! அன்று முழுதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. திருமண வீட்டில் எல்லோரிடமும் சொல்கிறாள்: "நான் சொன்னது ஒரே தடவையில அதுக்கு வெளங்கிருச்சு. இவருக்குக் கழுத்துல நெறி கட்டிருக்குன்னு நெனச்சுக்கிச்சு."

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

அன்றுமுதல் வண்டியில் ஏறினால் அவளும் இதுவும்தான் பேச்சு. "போயிட்டு வந்துர்றோம் கண்ணு" என்று இதனிடம் சொல்லிவிட்டு இறங்குவாள். இது விடைசொல்லாது, ஆயினும் சொல்வாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்கிருந்த மனத்தாங்கல் வேறு. 'திரும்பவும்' என்னும் சொல். யோசித்துப் பாருங்கள். 'திரும்புங்கள்' என்றால் ஏவல். 'திரும்புக' என்றால் வியங்கோள். 'திரும்பவும்' என்றால் என்ன? 'மறுபடியும்' என்று பொருள்! அவன் திரும்பவும் வந்தான், அவள் திரும்பவும் அழுதாள் என்கிறோம் அல்லவா? 'இடதுபுறம் திரும்பவும்' என்றால், மீண்டும் இடப்புறம் என்று ஆகிறது. மீண்டும் என்றால் முன்பு எப்போது? ஓட்டுகிறவன் குழம்ப மாட்டானா? இதை ஞானத்திடம் பலமுறை விளக்கியிருக்கிறேன். "எனக்குப் புரியுதுங்களே" என்பாள். புரிவது வேறு, சரியாக இருப்பது வேறு என்பேன்.

தஞ்சை எல்லை வந்துவிட்டது. இன்னும் சிறிது தொலைவு இருக்கிறது, பதற்றம் வேண்டாம். இடம் வந்ததும் சொன்னால் போதும்.

சென்ற ஆடி மாதம். காலை ஒன்பதரை இருக்கும். கீழமருதூரிலிருந்து பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் தொலைபேசியில் அழைத்தாள். ஞானத்தின் அக்காள் தையல்நாயகி அங்கே தனியாக இருந்தார். இளமையிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். ஞானத்துக்குத் தாய்போல. பத்து நாளாக உடம்பு முடியாமல் இருந்தது தெரியும். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். குஞ்சம்மாள், "இழுத்துக்கிட்டு கெடக்கு ஞானம். உன்னத்தான் கேக்குது. ஒடனே வா" என்றாளாம்.

பத்து மணிக்கெல்லாம் புறப்பட்டோம். என்மீது குறைசொல்ல முடியாது. ஞானம் ஏறியதும் இதன் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அக்கா வீட்டுக்குப் போவணும்மா, சீக்கிரம்" என்றாள். அன்று நான் அதைத் திருத்தவில்லை.

பாபநாசம், அய்யம்பேட்டை, எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தோம். தஞ்சையை நெருங்கும்போது இது அடுத்தடுத்துச் சொல்லத் தொடங்கியது. வட்டம் ஒன்று, பாலம் ஒன்று. "வலதுபுறம் திரும்பவும். பின்னர் இடதுபுறம் திரும்பவும்." ஒரு நிமிடத்தில் நான்கு 'திரும்பவும்'. என் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு அல்லவா? கையை நீட்டி ஒலியை அணைத்தேன்.

"ஐயோ, ஏங்க?" என்றாள் ஞானம்.

"எனக்கு வழி தெரியும். உன் ஊருக்கு நாற்பத்தொரு ஆண்டுகளாக வருகிறேன்" என்றேன். அவள் மனம் சற்று அமைதியடையட்டும் என்று என் பாடத்தையே வைத்தேன். பதினேழாம் பாடம். எட்டாம் வேற்றுமை, அதாவது விளி. ஒருவரைக் கூவி அழைப்பது எப்படி என்பது. தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது ஓசை நீளும் என்பதை அதில் அழகாகச் சொல்லியிருப்பேன். குறுக்கீடு இல்லாமல் முழுப்பாடமும் கேட்டது அன்றைக்குத்தான்.

புறவழிச்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். ஞானம், "ஏங்க, அந்தாண்ட..." என்றாள்.

"எந்தாண்ட? திசைக்குப் பெயர் இருக்கிறது. பெயரைச் சொல்" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு இடக்கையைச் சற்றே தூக்கினாள். வளையல் சத்தம் கேட்டது. வளையலைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். அந்தக் கை சிறிது நேரம் அப்படியே நின்றது. பிறகு மடியில் இறங்கிவிட்டது. அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

செங்கிப்பட்டி என்று பெயர்ப்பலகை பார்த்தபிறகுதான் தெரிந்தது, திருச்சிச் சாலையில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று. இறங்கி வழி கேட்டுத் திரும்புவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீண். அந்தத் திருப்பத்தில் பலகை இல்லாமல் இல்லை, புளியங்கிளை மறைத்திருந்தது. வரும் வழியில் அவளிடம் கேட்டேன்: "உனக்குத்தான் தெரியுமே, வாய்திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?" திரையில் நீலக்கோடு இருந்ததே என்று பார்க்கிறீர்களா? வண்டி ஓட்டும்போது படம் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை.

கீழமருதூர்த் தெருவில் நுழைந்ததுமே விளங்கிவிட்டது. வாசலில் அத்தனை செருப்புகள். குஞ்சம்மாள் ஓடிவந்து ஞானத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் ஞானம், ஒரு நாழிகூட ஆவல. வாசப்படியயே பாத்துக்கிட்டு கெடந்துச்சு. வந்துட்டாளா, ஞானம் வந்துட்டாளான்னு கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சு" என்று அழுதாள். ஞானம் அழவில்லை. வண்டிக்கதவைத் திறந்துபோட்டபடியே உள்ளே போய்விட்டாள். நான்தான் இறங்கி வந்து ஓங்கிச் சாத்தினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "புறப்படு" என்றேன். ஞானம் நிலைப்படியில் நின்றுகொண்டு, "நீங்க போங்க. நான் வரல" என்றாள்.

'வரல'. இந்தச் சொல்லைக் கவனியுங்கள். 'வரவில்லை' என்பது சிதைந்து 'வரல' ஆகியிருக்கிறது. 'வரமாட்டேன்' என்று அவள் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றால் எதிர்காலம். ஐயத்துக்கு இடமே இல்லை. 'வரவில்லை' என்பதோ காலத்தை அவ்வளவு உறுதியாகக் காட்டாது. இன்று வரவில்லை என்றும் கொள்ளலாம் அல்லவா? கொள்ளலாம். இலக்கணப்படி இடம் இருக்கிறது. அதனால்தான் மாதந்தோறும் போகிறேன். ஒரு மாதமாவது அவள் வேறு சொல்லைச் சொல்லக்கூடும்.

போனால் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தருகிறாள். மரியாதைக்குக் குறைவில்லை. குடித்துவிட்டுக் கேட்கிறேன். 'வரல' என்கிறாள். செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். பத்துமுறையும் அதே சொல், எழுத்துக்கூட மாறவில்லை. தெருமுனையில் வரும்போது பார்த்திருக்கிறேன், குஞ்சம்மாளோடு உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கும். இந்த வண்டியின் ஓசை கேட்டதும் நின்றுவிடும்.

என் மகள் எழிலரசி தொலைபேசியில் கேட்டாள்: "நீங்க அங்க போயி அம்மாகிட்ட என்னதான்ப்பா பேசுறீங்க?"

"உன் அம்மாவின் உச்சரிப்பு முன்னைவிடவும் மோசமாகிவிட்டது. அங்கே திருத்துவதற்கு ஆளில்லை" என்றேன். தொடர்பைத் துண்டித்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது.

நீங்கள் நன்றாகக் கேட்கிறீர்கள். அய்யம்பேட்டைக்குப் பிறகு நீங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. இந்தக் காலத்தில் இவ்வாறு கேட்போர் அரிது.

உங்களால் ஓர் உதவி ஆகவேண்டும். இதெல்லாம் உங்கள் வயதினருக்குத் தெரியும். இதோ இந்தத் திரையில் கீழே 'வீடு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது பாருங்கள். எங்கே இருந்தாலும் அதை அழுத்தினால் நம் வீட்டுக்கு வழிகாட்டும் என்று சுரேந்திரன் சொல்லியிருந்தார். நான் பயன்படுத்தியதே இல்லை. என் வீட்டுக்கு எனக்கு வழி தெரியாதா? சென்ற மாதம் ஒருநாள், ஏனோ வீட்டுக்குள் இருக்கப் பிடிக்கவில்லை. வண்டிக் கொட்டகைக்கு வந்து, உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒலியைத் திறந்து, அந்தப் பொத்தானை அழுத்தினேன். 'வந்துவிட்டீர்கள்' என்று சொல்லும் என்று நினைத்தேன். யாராவது ஒன்றைச் சொன்னால் தேவலை போல் இருந்தது. அது, "எழுபது கிலோமீட்டர், ஒரு மணி ஐம்பது நிமிடம்" என்றது. என் வீட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு! மறுபடியும் அழுத்தினேன். அதே எழுபது. வழியைப் பார்த்தால் கீழமருதூர்.

எவ்வளவு பெரிய பிழை பாருங்கள். ஒலியை அணைத்தே வைத்திருக்கிறேன், அழுத்திப் பாருங்கள். அதைத் திருத்த இயலுமா?

என்ன, அந்த முகவரியைப் பதிந்த தேதி காட்டுகிறதா? மூன்று ஆண்டுகளுக்கு முன்பா? அப்படியானால் மாட்டிய அன்றைக்கே. நினைவிருக்கிறது. சுரேந்திரன் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தார். இது வீட்டு முகவரி கேட்டது. நான் மூக்குக்கண்ணாடி எடுக்க உள்ளே போயிருந்தேன். அந்த நேரத்தில் ஞானம்தான் சொல்லியிருக்கிறாள். பாவம், வினாவைப் புரிந்துகொள்ளவில்லை. உன் வீடு எது என்று கேட்டால், எதைக் கேட்கிறார்கள் என்று விளங்கவேண்டாமா? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். மூன்று ஆண்டுகளாக இந்தப் பிழை என் கண்முன்னாலேயே இருந்திருக்கிறது.

இல்லை, நீங்கள் திருத்தவேண்டாம். கையை எடுங்கள். பிழை செய்தவரே திருத்தவேண்டும். அதுதான் என் வகுப்பில் முறை. அவள் வரட்டும். இதே இடத்தில் உட்கார்ந்து, தன் வாயால் கும்பகோணத்து முகவரியைச் சொல்லட்டும். இன்றைக்கு அவளிடம் இதைத்தான் முதலில் எடுத்துச் சொல்லப்போகிறேன்.

'வீடு' என்பது அருமையான சொல் ஐயா. எப்படிப் பிறந்தது தெரியுமா? 'விடு' என்னும் வினை. அதன் முதலெழுத்து நீண்டால் வீடு. கெடு, கேடு. படு, பாடு. விடு, வீடு. முதனிலை திரிந்த தொழிற்பெயர். தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். என் மாணவரில் ஒருவரும் இதைத் தவறாக எழுதியதில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவதால் வீடு. ஞானத்துக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மனத்தில் ஏறியதா என்று தெரியவில்லை.

ஏன் கையைத் தூக்குகிறீர்கள்? கடிகாரமா? மணி பதினொன்றரைதான் ஆகிறது. ஒரத்தநாட்டுக்குப் பன்னிரண்டரைக்குள் போய்விடலாம், கவலைப்படாதீர்கள். நான் சொல்லவந்தது என்னவென்றால், இந்தக் கேடு, பாடு, வீடு மூன்றிலும்...

அது என்ன பாலம்? நாம் பாலத்தின்மேல் அல்லவா போகிறோம்?

கடந்துவிட்டோமா? அந்தப் புளியமரம்தானா? உங்களிடம் சொல்லியிருந்தேனே ஐயா. வாய்திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாமே.

சரி, விடுங்கள். இனி வல்லம்வரை போய்த்தான் திரும்பவேண்டும். திரையில் கோடு மாறுகிறது பாருங்கள். வீடு முப்பத்தேழு கிலோமீட்டர் என்கிறது. சற்றுமுன் முப்பது என்றுதானே இருந்தது?